தாலிக்கொடிக்கும் ஒரு சான்றிதழ்

மகளின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் கிளம்பும் அம்மாவின் உடம்பில், தாலிக்கொடி, வளையல், தோடு என்று பத்துப் பவுனாவது இருக்கும். போகும்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. திருச்சியிலோ மீனம்பாக்கத்திலோ திரும்பி வந்து இறங்கும்போதுதான் கேள்வி வருகிறது: “இந்த நகை எங்கே வாங்கினது?” முப்பது வருடத்துக்கு முன் போட்ட நகைக்கு யாரிடம் பில் இருக்கும்?

இதற்கு வழி இருக்கிறது. புறப்படும் அன்றே விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் நகைகளைக் காட்டி, ஏற்றுமதிச் சான்றிதழ் கேட்டு வாங்கலாம். நகையின் வகை, எடை எல்லாம் அதில் இருக்கும். திரும்பும்போது அதைக் காட்டினால் அந்த நகைக்கு வரி இல்லை. விலை உயர்ந்த கேமராவுக்கும் லேப்டாப்புக்கும் இதே ஏற்பாடுதான். எடை போட்டு எழுத நேரம் பிடிக்கும். அதனால் வழக்கத்தைவிட முன்னதாகவே போய்விடுங்கள். அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் புகைப்படத்துடன் எழுதி வாங்கிக்கொண்டு போனால் வேலை சுலபம். விசா, இன்சூரன்ஸ் என்று அக்கறையாக எடுத்துச் சொல்லும் ஏஜென்டுகள் இதையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். விமான நிலைய வாசலிலேயே தமிழில் பெரிதாக எழுதி வைத்தாலும் தகும்.

வெளிநாட்டில் ஓராண்டுக்கு மேல் வசித்துத் திரும்புபவர்களுக்குத் தனிச் சலுகை உண்டு: பெண்களுக்கு 40 கிராம் நகை, மற்றவர்களுக்கு 20 கிராம். 2016-ஆம் ஆண்டு விதிகள் இதோடு விலை வரம்பையும் சேர்த்துக் கட்டியிருந்தன. பெண்களுக்கு 1 லட்சம் ரூபாய், ஆண்களுக்கு 50,000. 2025-இல் தங்கம் கிராம் 10,000 ரூபாயைத் தாண்டியபோது, அந்த 1 லட்சத்துக்கு 10 கிராம்கூட வரவில்லை. சலுகை என்பது பெயரளவுக்குத்தான் இருந்தது. 2026 பிப்ரவரியில் வந்த புதிய விதிகள் விலை வரம்பை நீக்கி, எடையை மட்டும் வைத்துக்கொண்டன. மற்ற பொருட்களுக்கான வரிவிலக்கும் 50,000-லிருந்து 75,000 ரூபாயாக உயர்ந்தது. தாமதமாக வந்தாலும் நியாயமான மாற்றம். ஆனால் பத்து நாள் சுற்றிப் பார்க்கப் போய் வருபவருக்கு இந்த நகைச் சலுகை கிடையாது.

2025-இல் இலங்கையைச் சேர்ந்த புதுமணப் பெண் ஒருவரிடம் பறிமுதல் செய்த தாலிக்கொடியையும் வளையல்களையும் திருப்பித் தரச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். அணிந்து வரும் நகைக்குப் பயணச்சுமை விதிகள் பொருந்தாது என்றார் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி. மனதுக்கு நிறைவான தீர்ப்பு. ஆனாலும் நள்ளிரவில் கவுன்டர் முன் நிற்கும் அம்மாவுக்குச் சட்ட வாதத்தைவிடக் கையில் உள்ள சான்றிதழே பெரிய துணை.

பணத்துக்கு வருவோம். இங்கிருந்து கிளம்பும்போது அன்னியச் செலாவணியை நோட்டாகப் பொதுவாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் வாங்கலாம். மீதியை ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இந்திய ரூபாய் 25,000-க்கு மேல் வேண்டாம். திரும்பும்போது நோட்டு மட்டும் 5,000 டாலரைத் தாண்டினால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். சிங்கப்பூருக்குள் நுழையும்போது அந்த ஊர் வரம்பு 20,000 சிங்கப்பூர் டாலர். கொண்டுபோவது குற்றமல்ல, சொல்லாமல் கொண்டுபோவதுதான் குற்றம்.

கடையில் கார்டைத் தேய்த்ததும் மெஷின் சில சமயம் கேட்கும்: ரூபாயிலா, டாலரிலா? ரூபாய் பழகியது என்பதால் நம் ஆட்கள் அதையே தொட்டுவிடுகிறார்கள். அங்கே போடப்படும் மாற்று விகிதத்தில் கூடுதல் லாபம் சேர்ந்திருக்கும். எந்த ஊரில் நிற்கிறோமோ அந்த ஊர் நாணயத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

அடுத்தது பார்சல். “அங்கே என் தம்பி வந்து வாங்கிக்குவான்” என்று கொடுத்தனுப்பும் பொட்டலத்துக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் சிகரெட்டுக்கு வரிவிலக்கே இல்லை, ஒரு பாக்கெட்டுக்குக்கூட. மின்சிகரெட்டுக்கு முழுத் தடை. பிரித்துக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகு வாங்குங்கள். கொடுப்பவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.