சென்னை யூத வணிகர்களின் குடும்ப மரபு

சென்னை யூத வணிகர்கள் என்போர் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன், ஆம்ஸ்டர்டாம் நகரங்களிலிருந்து வந்து புனித ஜார்ஜ் கோட்டைப் பகுதியில் குடியேறிய போர்த்துக்கீச மரபு யூதர்கள் ஆவர். மத்தியதரைக் கடல் பவளத்தை இறக்குமதி செய்து, கோல்கொண்டா வைரத்தை ஏற்றுமதி செய்வது இவர்களது தொழில். ஜார்ஜ் டவுனிலுள்ள பவளக்காரத் தெருவின் பெயர் இவ்வணிகத்தை நினைவூட்டுகிறது.

இவர்களை முன்னோராகக் கொண்டோர் மரபைத் தேடும்போது முதலில் குழப்புவது பெயர்களே. 1497இல் போர்த்துக்கல்லில் யூதர்கள் கட்டாயமாகக் கிறித்தவத்திற்கு மாற்றப்பட்டனர். அவர்களின் வழித்தோன்றல்கள் வேறு நாடுகளில் மீண்டும் யூத சமயத்தைக் கைக்கொண்ட பிறகும், வணிகத்தில் போர்த்துக்கீசப் பெயர்களையே பயன்படுத்தினர். தொழுகைக்கூடத்தில் எபிரேயப் பெயர் வழங்கியது. 1688இல் தொடங்கப்பட்ட சென்னை மாநகராட்சியின் 12 ஆல்டர்மென்களில் பார்த்தலோமியோ ரொட்ரிகேஸ், டொமிங்கோ டோ போர்ட்டோ, அல்வாரோ டா பொன்சேகா ஆகிய மூவர் யூதர்கள். பெயரை மட்டும் பார்ப்பவர் மூவரையும் கத்தோலிக்கர் என்றே எண்ணுவார். ஆகவே கும்பினி ஆவணங்களில் கிடைக்கும் பெயரை, லண்டன், ஆம்ஸ்டர்டாம் யூத சபைகளின் திருமண, இறப்புப் பதிவேடுகளோடு ஒப்பிட்டே உறுதிசெய்ய வேண்டும்.

பெண்வழி மரபு இன்னும் எளிதில் தவறிப்போகும். வைர வணிகர் ஜாக் டி பைவா 1687இல் சென்னையில் இறந்தார். ஜேம், ஜேக்கப் என்றும் இவர் பெயர் எழுதப்பட்டுள்ளது. இவருடைய மனைவி இரோனிமா, பின்னர் ஆளுநர் எலிகு யேலுடன் வாழ்ந்தார். அவர்களுக்குப் பிறந்த மகன் சார்லஸ் அல்மான்சா யேல். யூதச் சட்டப்படி தாய் யூதரானால் பிள்ளையும் யூதரே. ஆனால் 'பைவா' என்ற குடும்பப் பெயரைக் கொண்டு தேடுபவருக்கு இந்த மகன் அகப்படமாட்டான். தாயும் மகனும் பின்னர் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குச் சென்றுவிட்டதால், தேடல் அங்குள்ள டச்சுக்காரர் கால ஆவணங்களுக்கும் நீள்கிறது.

புனித ஜார்ஜ் கோட்டையின் ஆலோசனைக் குறிப்புகள் அச்சாகியுள்ளன. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் லண்டனிலுள்ள பிரித்தானிய நூலகமும் மூல ஆவணங்களுக்குரிய இடங்கள். கல்லறைக் கற்களும் சான்றாகும், ஆனால் அவை இருக்கும் இடத்தை நம்பக் கூடாது. பெத்துநாயக்கன்பேட்டையிலிருந்த பழைய யூத இடுகாட்டின் கற்கள் இடம்பெயர்க்கப்பட்டு, 1983இல் லாயிட்ஸ் சாலைக்குக் கொண்டுவரப்பட்டன. எனவே இன்று அடுத்தடுத்து நிற்கும் இரு கற்களை வைத்து உறவுமுறை ஊகிப்பது சரியல்ல. கல்லில் பொறித்துள்ள பெயரும் தேதியுமே பயன்படும்.