ஒரு வேம்புக்கு எத்தனை கன்றுகள்?

சித்திரை மாத நண்பகல். கள்ளக்குறிச்சி மாவட்டம் நைனார்பாளையத்தில் தார்ச்சாலை வழியே நீங்கள் நடந்து வருவதாக வைத்துக்கொள்வோம். வழியில் ஒரு பெரிய வேப்பமரம். அதன் நிழலில் கால் வைத்ததும் 'அப்பாடா' என்கிறீர்கள். ஆனால் வெப்பமானியை வெயில் படாமல் மறைத்து, மரத்தடியிலும் வெளியிலும் காற்றின் வெப்பநிலையை அளந்து பாருங்கள். வேறுபாடு பெரும்பாலும் ஓரிரண்டு டிகிரிதான் இருக்கும்! அப்படியானால் அந்தச் சுகம் எங்கிருந்து வந்தது?

நம்மைச் சுடுவது காற்று மட்டுமன்று; கதிர்வீச்சும்தான். நண்பகலில் ஒவ்வொரு சதுர மீட்டர் தரையிலும் ஏறக்குறைய 1000 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. சூடேறிய சாலையும் அகச்சிவப்புக் கதிர்களை நம்மீது வீசுகிறது. மரம் வெயிலைத் தடுக்கிறது. அடியிலுள்ள தரையையும் சூடேறாமல் காக்கிறது.

தகரக் கூரையும் நிழல் தருகிறதே என்று கேட்கலாம். தகரம் தானும் கொதித்து, வெப்பத்தைக் கீழே வீசும். இலையோ, மண்பானையைப் போல நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 24 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். மண்ணில் ஈரமுள்ள இடத்தில் ஒரு பெரிய மரம் ஒரு நாளில் 100 லிட்டர் நீரை ஆவியாக்கினால், அது செலவிடும் வெப்பம் 24 கோடி ஜூல். இது சுமார் 67 யூனிட் மின்சாரத்திற்குச் சமம்.

இனி நம் கேள்விக்கு வருவோம். சாலையை அகலப்படுத்த ஒரு மூத்த வேம்பை வெட்டுகிறார்கள். பதிலுக்குப் பத்துக் கன்றுகள் நடுவதாகச் சொல்கிறார்கள். கணக்கு நேராகிவிடுமா?

கிளையும் இலையும் சேர்ந்து தரைக்குமேல் விரிக்கும் குடையைக் கவிகை என்பர். அதன் பரப்பு விட்டத்தின் வர்க்கத்திற்கேற்பக் கூடும். 10 மீட்டர் விட்டமுள்ள கவிகையின் பரப்பு ஏறக்குறைய 78 சதுர மீட்டர். 1 மீட்டர் விட்டமுள்ள கன்றுக்கு ஒரு சதுர மீட்டர்கூட இல்லை. ஆகவே அந்த வேம்புக்கு ஈடு பத்தல்ல, நூறு கன்றுகள்! பத்துக் கன்றுகளும் பிழைத்து, ஒவ்வொன்றும் 3.2 மீட்டர் விரிந்த பிறகே இழந்த நிழல் திரும்பும். நான்கே பிழைத்தால், ஒவ்வொன்றும் 5 மீட்டர் விரிய வேண்டும். அதுவரை அவ்வழியே நடப்பவர்கள் வெயிலில்தான் நடக்க வேண்டும்.

2022 செப்டம்பர் 24-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் இலக்கு, மாநிலத்தின் காடும் மரங்களும் மூடிய பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவது. இதுவும் பரப்பின் கணக்கே. கன்றுகளின் எண்ணிக்கை அன்று.

எனவே பிழைத்து, அகன்று, ஓங்கி வளரும் மரங்களே நமக்கு வேண்டும். வேம்பு, புங்கம், இலுப்பை, நாவல் ஆகியவை நம் மண்ணுக்கும் மழைக்கும் பழகியவை. புங்கம் கோடைத் தொடக்கத்தில் பழைய இலைகளை உதிர்த்து, வெயில் முற்றுவதற்குள் புதுத்தளிர் விட்டுவிடும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக் கருவேலமோ தாழ்வாகவே கிளைத்து முள்ளாகப் படரும்; அதன் அடியில் ஒதுங்கி நிற்பது கடினம். ஆலும் அரசும் ஏரிக்கரைக்கு ஏற்றவை. வேர் சுவரைப் பிளக்கும் என்பதால் வீட்டருகே வேண்டாம். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, புரட்டாசி, ஐப்பசியில் நட்டு, ஆடு மேயாமல் வேலியிட்டு, முதல் இரண்டு கோடைகளிலும் நீர் ஊற்றினால் கன்று தேறிவிடும்.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். உங்கள் தெருவிலுள்ள மரத்தின் கவிகையைக் கிழக்கு மேற்காகவும் தெற்கு வடக்காகவும், விளிம்பிலிருந்து விளிம்புவரை அளந்து சராசரி காணுங்கள். அதன் வர்க்கத்தை 0.785-ஆல் பெருக்கினால் பரப்பு கிடைக்கும். ஊரிலுள்ள பெரிய மரங்களையெல்லாம் இவ்வாறு அளந்து ஒரு பட்டியல் எழுதுங்கள். அக்டோபர் 2 அன்று கூடும் கிராம சபையில், எந்த மரத்தையாவது வெட்டலாமா என்ற பேச்சு எழுமுன் அந்தப் பட்டியலை வாசித்துக் காட்டுங்கள்.