கண் மங்கினாலும் கால் நிற்க வேண்டாம்!

சைக்கிள் மிதிக்க ஆரம்பித்துப் பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும். உடம்பு சூடேறி நெற்றியில் வியர்வை துளிர்க்கிறது. திடீரென்று ஒரு கண்ணில் மட்டும் புகை படர்ந்த மாதிரி! கொடியில் கிடக்கும் சிவப்புத் துண்டு பத்துத் தடவை துவைத்ததுபோல் வெளிறித் தெரிகிறது. இறங்கி உட்கார்ந்து, குளிர்ந்த தண்ணீர் குடித்து, உடம்பு ஆறினால் புகை தானாகவே விலகிவிடுகிறது.

மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் உள்ள பலருக்கு இது பழகிப்போன அனுபவம். அந்தச் சில நிமிடங்களில் கண்ணுக்குப் பின்னால் என்ன நடக்கிறது? வாருங்கள், எட்டிப் பார்ப்போம். புல்லரிக்க வைக்கிற இடம் அது!

எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த நோயில், நம்முடைய எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றின் இழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் உறையை அரித்துவிடுகிறது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு முதல் அறிகுறியே கண்ணில்தான் வருகிறது. கண்ணை அசைத்தால் வலிக்கும், பார்வை மங்கும், நிறங்கள் சோகை பிடிக்கும். அதுதான் பார்வை நரம்பு அழற்சி.

இருட்டறையில் ஒரு சிவப்புக் கோடு

இந்தப் பாதிப்பை எப்படி அளக்கிறார்கள்? முதலில், விழித்திரையைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் அறை. தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே ஒரு சின்ன ஒளிப்புள்ளி. "அதையே பாருங்க, இமைக்காதீங்க!" மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று நழுவிப் போகிறது. சில நொடிதான், முடிந்தது! ஊசியும் இல்லை, வலியும் இல்லை.

இப்போது திரையைப் பாருங்கள். அடுக்கடுக்காக விழித்திரை! 1991-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஆய்வாளர்கள் உலகுக்குக் காட்டிய இந்த நுட்பம், அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, அது எந்த ஆழத்திலிருந்து திரும்புகிறது என்பதை மைக்ரான் கணக்கில் அளக்கிறது. மேலடுக்கில் இருப்பவை நரம்பிழைகள். கிட்டத்தட்ட பத்து லட்சம் இழைகள் ஒன்றாகத் திரண்டு பார்வை நரம்பாகி மூளைக்குப் போகின்றன.

இங்கேதான் இயற்கை நமக்கு ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. விழித்திரைக்குள் ஓடும்வரை இந்த இழைகளுக்கு மையலின் உறையே கிடையாது. ஆகவே அடுக்கு மெலிந்திருந்தால் இழையே அழிந்திருக்கிறது என்று நேரடியாகப் புரிந்துகொள்ளலாம். ஆரோக்கியமான கண்ணில் இந்த அடுக்கு சுமார் 100 மைக்ரான். ஒரு முறை பார்வை நரம்பு அழற்சி வந்து போனால் சராசரியாக 20 மைக்ரான் வரை குறைந்துவிடுகிறது. மண்டையைத் திறக்காமல் நரம்பின் கதையைப் படிக்கக் கிடைத்த ஜன்னல் இது! எம்.எஸ்.ஸைக் கண்டறியும் மெக்டொனால்ட் விதிகளின் 2024 திருத்தத்தில், பாதிப்பைத் தேட வேண்டிய ஐந்தாவது இடமாகப் பார்வை நரம்பும் சேர்ந்துவிட்டது.

பக்கத்துச் சுவரில் இன்னொரு வித்தை. கறுப்பு எழுத்து அட்டையைக் கடைசி வரிவரை கடகடவென்று படித்தவர், சாம்பல் எழுத்து அட்டைக்கு முன் திணறி நிற்கிறார். நீர்த்த சுண்ணாம்பால் வெள்ளைச் சுவரில் எழுதியதுபோல அவ்வளவு மங்கலான எழுத்துகள். "கண்ணாடிக் கடையில எல்லாம் சரின்னுதான் சொன்னாங்க" என்பவரின் குறை இந்த அட்டையில் பிடிபட்டுவிடுகிறது.

சூடு செய்யும் வேலை

சரி, சைக்கிள் மிதித்தால் ஏன் மங்குகிறது? 1890-இல் ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹோஃப் இதைப் பதிவு செய்தார். உழைப்புதான் காரணம் என்று அவர் நினைத்தார். உண்மைக் காரணம் சூடு என்பது பின்னாளில் தெரிந்தது. உறை உரிந்த இழையில் மின்சமிக்ஞை ஏற்கெனவே தட்டுத்தடுமாறித்தான் போகிறது. உடல் வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் ஏறினாலே போதும், அது பாதி வழியில் நின்றுவிடும். உடம்பு ஆறியதும் மறுபடி ஓடும். இதனால் இழை புதிதாக அறுவதில்லை.

இது புரியாத காலத்தில் பயம்தான் ஆட்சி செய்தது. எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன், நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்து அறிகுறி தலைகாட்டுகிறதா என்று பார்த்தே நோயைக் கணித்தார்கள். "உடம்பை அலட்டிக்கொள்ளாதீர்கள்" என்பதே அன்றைய ஆலோசனை.

அந்த ஆலோசனையால் கட்டிப்போட முடியாத ஒருவர் இருந்தார். 1964 இன்ஸ்பர்க் குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கில் வெண்கலம் வென்ற அமெரிக்க வீரர் ஜிம்மி ஹூகா. 1970-இல் எம்.எஸ். என்று தெரிந்தது. ஓய்வெடுக்கச் சொன்னார்கள். அவரோ தனக்கென ஒரு பயிற்சித் திட்டம் வகுத்துக்கொண்டார். 1984-இல் கொலராடோவில் தன் பெயரில் ஒரு மையமே தொடங்கி, மற்றவர்களையும் எழுப்பி நடக்க வைத்தார்!

அவர் உடம்பால் சொன்னதை 1996-இல் யூட்டா பல்கலைக்கழக ஆய்வு எண்களால் சொன்னது. எம்.எஸ். உள்ள 54 பேரில் ஒரு பிரிவினர் கையும் காலும் சேர்ந்து இயங்கும் சைக்கிளை 15 வாரம் மிதித்தார்கள். உடல் தகுதி கூடியது, சோர்வும் மனச்சோர்வும் குறைந்தன.

உங்களுக்கான கணக்கு

லேசான அல்லது நடுத்தரப் பாதிப்பு உள்ளவர்களுக்கு 2013-இல் கனடா வகுத்த வழிகாட்டல் எளிமையானது. வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு 30 நிமிடம், மிதமான வேகத்தில் மூச்சிரைக்கும் பயிற்சி. அதோடு வாரம் இரண்டு முறை தசைப் பயிற்சி.

சூட்டை ஏமாற்றவும் வழிகள் உண்டு. விடியற்காலையில் நடங்கள். ஃபேனுக்கு நேராக மிதியுங்கள். ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு முன் குளிர்ந்த நீரில் குளியுங்கள். பார்வை மங்கினால் நின்று ஆறிவிட்டுத் தொடருங்கள். அந்த நேரத்தில் வண்டி ஓட்டாதீர்கள்.

உடற்பயிற்சி அழிந்த இழையை மீண்டும் முளைக்க வைக்கும் என்று எந்த ஆய்வும் நிரூபிக்கவில்லை. ஆனால் அது காலுக்கு வலுவும் மனசுக்குத் தெம்பும் தருகிறது என்பது நிரூபணமானது. அந்தப் பலனை ஒரு தற்காலிக மங்கலுக்குப் பயந்து இழந்துவிடாதீர்கள்.

உடம்பு ஆறியும் மங்கல் விலகாமல் 24 மணி நேரத்தைத் தாண்டினாலோ, கண்ணை அசைக்கும்போது வலித்தாலோ, அது வேறு கதை. அன்றே மருத்துவரைப் பாருங்கள். மற்ற நாளெல்லாம், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.