குரல் எனும் அமானிதம்

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில், கள்ளக்குறிச்சிக்குச் சற்று முன்னதாக வருகிறது தியாகதுருகம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையினரும் கண்வைத்த மலைக்கோட்டையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் அது. அவ்வூரிலும் சரி, கல்வராயன் மலையை ஒட்டிய சிற்றூர்களிலும் சரி, மாலை மயங்கியபின் வீடுதோறும் கேட்பது தொலைக்காட்சியின் ஒலியே. அதன்முன் பிள்ளைகளை இமைகொட்டாமல் அமர வைப்பவை பாட்டுப் போட்டிகள். புகழ்பெற்ற ஒருவரின் பாட்டை ஒரு சிறுவன் பாடுகிறான். “அப்படியே அவருடைய குரல்!” என்று அரங்கம் எழுந்து நின்று கைதட்டுகிறது. மறுநாள் நம் வீட்டுப் பிள்ளையும் அதே குரலை முயன்று பார்க்கிறான்.

இது வெறும் விளையாட்டு என்று விட்டுவிடலாமா? அல்லது வேண்டாத வேலை என்று அதட்டி நிறுத்த வேண்டுமா? இரண்டும் அவசர முடிவுகளே. பிறர் குரலைப் பின்பற்றுவது எதுவரை கல்வி, எதற்குமேல் இழப்பு என்பதைப் பெற்றோர் அறிந்துகொண்டால், பிள்ளைக்கு என்ன சொல்ல வேண்டும் என்பது தானே விளங்கும்.

போட்டி பிறந்த கதை

பிரபல பாடகர்களைப்போல் பாடிக் காட்டுவதையே போட்டியாக வைக்கும் நிகழ்ச்சிகளுள் முன்னோடியானது, 1985-இல் நெதர்லாந்தில் தொடங்கிய ‘சவுண்ட்மிக்ஸ் ஷோ’. அதன் வழியில் 1990-இல் பிரிட்டனில் ‘ஸ்டார்ஸ் இன் தேர் ஐஸ்’ வந்தது. கடைப் பணியாளரோ ஓட்டுநரோ தம் அன்றாட உடையில் மேடைக்கு வருவார். தாம் யாராக மாறப்போகிறார் என்பதைச் சொல்வார். புகை சூழ்ந்த ஒரு கதவுக்குள் நுழைவார். வெளியே வரும்போது உடை, முடி, நடை, குரல் யாவும் அந்தப் புகழ்பெற்ற பாடகருடையவையாக இருக்கும். 2011-இல் ஸ்பெயின் நாட்டில் இதே முறையில் கலைஞர்களே போட்டியாளர்களான ஒரு நிகழ்ச்சி தோன்றிப் பல நாடுகளுக்கும் பரவியது.

இவற்றுள் மிகவும் சிந்திக்க வைப்பது 2012-இல் தென்கொரியாவில் தொடங்கிய ‘ஹிட்டன் சிங்கர்’. அதில் அசல் பாடகரும் அவரைப்போலவே பாடும் சிலரும் தனித்தனியே மறைவில் நிற்பார்கள். ஒரே பாட்டை வரிவரியாகப் பகிர்ந்து பாடுவார்கள். எவர் குரல் அசலுக்குச் சற்றும் பொருந்தவில்லை என்று அவையோர் வாக்களிப்பார்கள். வியப்பு என்னவெனில், சில வேளைகளில் அசல் பாடகரே தோற்று வெளியேறியிருக்கிறார்! பழைய ஒலிப்பதிவில் இருந்த அவருடைய குரல் ஆண்டுகள் செல்லச்செல்ல மாறியிருக்கும். பின்பற்றியவரோ அந்தப் பழைய பதிவை அச்சுப்போல் பிடித்திருப்பார். உயிருள்ள குரல் வளரும், முதிரும். நகல் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

நம் தமிழ்நாட்டிலும் இந்த ரசனை புதிதன்று. இலங்கை வானொலியில் பேர்பெற்ற பி.எச். அப்துல் ஹமீத் அவர்கள் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’, சன் தொலைக்காட்சி வழியாகத் தமிழ் வீடுகளுக்கெல்லாம் அறிமுகமாயிற்று. ஏ.வி. ரமணன் நடத்திய ‘சப்தஸ்வரங்கள்’ புதிய குரல்களைத் தேடியது. 2005-இல் விஜய் தொலைக்காட்சியின் ‘கலக்கப் போவது யாரு’ பலகுரல் கலைக்கு மேடை தந்தது. 2006-இல் அதே தொலைக்காட்சியில் ‘சூப்பர் சிங்கர்’ வந்தது. இவை அனைத்தும் குரல் நகல் போட்டிகள் அல்ல. ஆயினும், ஏற்கெனவே ஒருவர் பாடிப் புகழடைந்த பாட்டையே மீண்டும் பாடும் இடத்தில், “அவரைப்போலவே பாடினாய்” என்பது தானாகவே பெரும் பாராட்டாகிவிடுகிறது.

பின்பற்றித் தொடங்கியவர்கள்

பின்பற்றுவதே தவறு என்று எவரும் கருதிவிட வேண்டாம். தமிழகம் கொண்டாடிய டி.எம். சௌந்தரராஜன் அவர்களின் தொடக்கமே அதுதான். மதுரையில் பிறந்த அவர், தியாகராஜ பாகவதரின் பாணியில் பாடித்தான் திரையுலகில் நுழைந்தார். 1950-இல் வெளிவந்த ‘கிருஷ்ண விஜயம்’ படத்தில் அவர் பாடிய முதற்பாட்டில் பாகவதரின் சாயல் தெளிவாகவே ஒலித்தது. அவர் அங்கேயே நின்றிருந்தால், பாகவதரைப்போல் பாடிய பலருள் ஒருவராக மறைந்திருப்பார். 1954-இல் ‘தூக்குத் தூக்கி’யில் சிவாஜி கணேசனுக்கும், அதே ஆண்டில் ‘மலைக்கள்ள’னில் எம்.ஜி.ஆருக்கும் பாடினார். நடிகருக்கேற்பக் குரலை அமைக்கும் தனித்திறனை அவர் வளர்த்துக்கொண்டார். வானொலியில் கேட்ட மாத்திரத்திலேயே இது இன்னாருக்கான பாட்டு என்று மக்கள் சொன்னார்கள். அதே நேரத்தில், பாடுபவர் டி.எம்.எஸ். என்பதிலும் எவருக்கும் ஐயம் எழவில்லை.

வடக்கே முகேஷ் அவர்களின் கதையும் இத்தகையதே. 1945-இல் வெளிவந்த ‘பஹ்லி நஸர்’ படத்தில் அவர் கே.எல். ஸைகாலைப்போலவே பாடினார். அதைக் கேட்ட ஸைகால், “இதை நான் எப்போது பாடினேன்?” என்று திகைத்ததாக ஒரு செய்தி வழக்கில் உண்டு. ஆனால் முகேஷ் இன்று நினைக்கப்படுவது அந்தத் திகைப்புக்காக அன்று. ராஜ் கபூருக்காகத் தம் சொந்தக் குரலில் அவர் பாடிய பாடல்களுக்காக.

முஹம்மது ரஃபி அவர்கள் 1924-இல் பஞ்சாபின் கோட்லா சுல்தான் சிங் என்னும் சிற்றூரில் பிறந்தவர். தெருவில் பாடிவந்த ஒரு ஃபக்கீரின் பின்னே சென்று, அவரைப்போலவே பாடிப் பழகியதுதான் ரஃபியின் முதற்பாடம் என்பர். 1980-இல் ரஃபி மறைந்தபின் அவருடைய குரலைப் பின்பற்றியோர் பலர் தோன்றினர். இசை நிறுவனங்களும் பழைய பாடல்களைப் புதியவர்கள் குரலில் பதிவுசெய்து மலிவு விலையில் ஒலிநாடாக்களாக விற்றன. அவ்வாறு ரஃபியின் பாடல்களைப் பாடி அறிமுகமானவர்தாம் சோனு நிகம். ரஃபியின் நிழலிலிருந்து விலகித் தமக்கென ஒரு குரலை அவர் அமைத்துக்கொண்டதால்தான் அவருடைய பெயர் நிலைத்தது. நிழலிலேயே நின்றுவிட்டோரின் திறமை குறைந்ததன்று. ஆயினும் அவர்களைக் கேட்டவர்கள் நினைத்ததெல்லாம் ரஃபியைத்தான்.

நம் மேடைகளில்

நம் சமுதாய மேடைகளையே எடுத்துக்கொள்வோம். மர்ஹூம் இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்கள் 1925-இல் பிறந்து 2015 ஏப்ரலில் மறைந்தார்கள். ஒலிபெருக்கி தேவையோ என்று எண்ணவைக்கும் கம்பீரக் குரல் அவர்களுடையது. மீலாது மேடைகளிலும் நிக்காஹ் வீடுகளிலும் அக்குரலைப் பின்பற்றிப் பாடுவோர் இன்றும் இருக்கின்றனர். அதில் அன்பும் மரியாதையும் உண்டு. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ஹனீபா அவர்கள் எவரைப்போலப் பாடி ஹனீபா ஆனார்கள்? தமக்கு அமைந்த உச்சக் குரலை மறைக்காமல், மென்மையாக்க முயலாமல், அதையே தம் அடையாளமாக்கினார்கள். அவர்களிடமிருந்து கற்க வேண்டியது அந்தத் துணிவே.

பின்பற்றுவதன் எல்லை எது என்பதை நம் மதரஸாக்களே நெடுங்காலமாகக் காட்டி வருகின்றன. உஸ்தாத் ஓதுகிறார், பிள்ளை கேட்டு அவ்வாறே ஓதுகிறது. எழுத்து பிறக்கும் இடம், நீட்டல், நிறுத்தல் ஆகியவற்றில் சிறிதும் பிறழக் கூடாது. இங்கே பின்பற்றுதல் கட்டாயம். ஆனால் குரல்? அது அந்தப் பிள்ளையினுடையது. ஒரு வகுப்பில் இருபது பிள்ளைகள் ஓதினால், தஜ்வீது ஒன்றாக இருக்கும்; குரல்கள் இருபதாக இருக்கும்.

எகிப்தின் புகழ்பெற்ற காரீ அப்துல் பாசித் அப்துஸ் ஸமத் (1927–1988) அவர்கள், சிறுவயதில் ஷைகு முஹம்மது ரிஃபஅத் அவர்களின் கிராஅத்தை வானொலியில் கேட்பதற்காக வெகுதூரம் நடந்து சென்றதாக அவர்தம் வரலாற்றில் சொல்லப்படுகிறது. 1934-இல் எகிப்து வானொலி தொடங்கியபோது முதலில் ஒலித்தது ரிஃபஅத் அவர்களின் கிராஅத்தே. அத்தகைய பெரியவரைக் கேட்டு வளர்ந்தும், அப்துல் பாசித் இரண்டாம் ரிஃபஅத் ஆகவில்லை; முதல் அப்துல் பாசித் ஆனார். முறையைப் பெரியவரிடம் பெற்றார். குரலைத் தம்மிடமே வைத்துக்கொண்டார்.

மேடைக்குப் பின்னால்

தொலைக்காட்சி மேடையின் வெளிச்சம் அறியாத சில செய்திகளையும் பெற்றோர் தெரிந்திருக்க வேண்டும். குரல் என்பது தொண்டையிலுள்ள இரு மெல்லிய குரல்நாண்களின் அதிர்வு. பத்து வயதுப் பிள்ளை, நாற்பது வயது ஆணின் கனத்த குரலை வலிந்து வரவழைக்கும்போது அந்நாண்கள் இறுகி உராய்கின்றன. இது தொடர்ந்தால் அவற்றில் சிறு முடிச்சுகள் தோன்றிக் குரல் கரகரக்கும். ஆண்பிள்ளைகளுக்குக் குரல் உடையும் பருவத்தில் இந்த வலிந்த முயற்சி இன்னும் ஆகாது. கரகரப்பு மூன்று வாரங்களுக்குமேல் நீடித்தால், கைவைத்தியத்தோடு நின்றுவிடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுவதே முறை.

சட்டமும் பிள்ளைகளுக்குத் துணை நிற்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டு, அதற்கான விதிகள் 2017-இல் வகுக்கப்பட்டன. அவற்றின்படி, பதினான்கு வயது நிறையாத பிள்ளையை நிகழ்ச்சியில் பங்கேற்கச் செய்பவர் மாவட்ட நடுவரின் அனுமதியைப் பெற வேண்டும். நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்குமேல் பிள்ளையை ஈடுபடுத்தக் கூடாது. ஓய்வின்றித் தொடர்ந்து 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ச்சியாக 27 நாள்களுக்குமேல் பணி கூடாது. பிள்ளையின் வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டை அப்பிள்ளையின் பெயரிலேயே வங்கியில் நிரந்தர வைப்பாக இட வேண்டும். அனைத்துக்கும் மேலாக, பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாக அதனைப் பங்கேற்க வைக்கவே கூடாது. தியாகதுருகத்திலிருந்து சென்னைக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லும் பெற்றோர், ஒப்பந்தத் தாளில் கையொப்பமிடுமுன் இவற்றைக் கேட்டறிய வேண்டும். கேட்பது அவர்கள் உரிமை.

இயந்திரமும் பாடுகிறது

இப்போது இன்னொரு போட்டியாளர் மேடைக்கு வந்திருக்கிறார், அவர் மனிதரல்லர். செயற்கை நுண்ணறிவு எனப்படும் கணினித் தொழில்நுட்பம், ஒருவருடைய பழைய பதிவுகளைக் கொண்டே அவர் குரலில் புதிய பாட்டை உருவாக்கிவிடுகிறது. 2024-இல் ‘லால் சலாம்’ படத்துக்காக, மறைந்த பாடகர்கள் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களை ஏ.ஆர். ரஹ்மான் இவ்வாறு பயன்படுத்தினார். அவர்களுடைய குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் வழங்கியதாக அவரே தெரிவித்தார். அதே ஆண்டில், மறைந்த எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அவர்களின் குரலைத் தங்கள் இசைவின்றி ஒரு தெலுங்குப் படத்தில் பயன்படுத்தியதாக அவர் குடும்பத்தார் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினர். பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில், அவருடைய குரலை இசைவின்றி நகலெடுப்பதற்கு 2024 ஜூலையில் மும்பை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

குரலும் ஒருவருடைய உடைமையே என்பது இவற்றால் விளங்குகிறது. நம் சொல்லில் அது ஓர் அமானிதம். அது களவுபோனால் இழப்பு பாடகருக்கு மட்டுமன்று. வளைகுடாவில் இருக்கும் மகனின் குரலிலேயே பேசிப் பணம் பறிக்கும் மோசடிக்கும் இதே தொழில்நுட்பம் துணைபோகிறது. அவ்வாறு அழைப்பு வந்தால், பதற்றத்தில் பணம் அனுப்பிவிடாமல், இணைப்பைத் துண்டித்துவிட்டு மகனின் வழக்கமான எண்ணுக்கு நாமே பேசி உறுதிசெய்ய வேண்டும். ஏமாந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்னும் எண்ணில் புகார் செய்யலாம்.

இயந்திரத்தின் வரவால் இன்னோர் உண்மையும் தெளிவாகிறது. நகலெடுப்பதே திறமை என்றால், அதில் இனி எந்த மனிதரும் இயந்திரத்தை வெல்வது அரிது. ஆண்டுக்கணக்கில் உழைத்து ஒரு பிள்ளை எட்டும் நகலைக் கணினி சில நிமிடங்களில் தந்துவிடும். அப்படியானால் பிள்ளையிடம் மிஞ்சுவது எது? எவரிடமிருந்தும் இரவல் பெறாத அதன் சொந்தக் குரல் ஒன்றே.

ஆகவே, வீட்டில் பிள்ளை பிறரைப்போல் பாடிக் காட்டும்போது அதட்ட வேண்டாம். கூர்ந்து கேட்கும் செவி அதற்கு வாய்த்திருக்கிறது என்று மகிழலாம். மனதாரப் பாராட்டவும் செய்யலாம். ஆனால் அத்தோடு நிறுத்திவிடாமல், “இனி இதையே உன் குரலில் பாடு, அத்தாவும் அம்மாவும் கேட்கிறோம்” என்று சொல்ல வேண்டும். முதலில் தயங்கும், குரல் கம்மும், சுருதி பிசகும். தொலைக்காட்சி அரங்கில் அந்தத் தயக்கத்துக்குக் காத்திருக்க நேரமில்லை. நம் வீட்டில் இருக்கிறது. பாட்டு, கிராஅத், பேச்சு எதுவாயினும், பிள்ளை தன் குரலுக்கு முதன்முதலில் பெறும் கைதட்டல் பெற்றோருடையதாக இருக்கட்டும்.