கோல்ஃப் பண்பாட்டுச் சுற்றுலா (தென்கிழக்கு ஆசியா)

கோல்ஃப் பண்பாட்டுச் சுற்றுலா என்பது கோல்ஃப் (குழிப்பந்தாட்டம்) விளையாடுவதையும், கோயில்கள், தொல்லியல் களங்கள், பழைய நகரங்கள், அருங்காட்சியகங்கள் ஆகியவற்றைக் காண்பதையும் ஒரே விடுமுறைப் பயணத்தில் இணைக்கும் சுற்றுலா வகையாகும். தாய்லாந்து, வியட்நாம், கம்போடியா, மலேசியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளில் இது பரவலாக நடைபெறுகிறது. கம்போடியாவின் சியெம் ரீப் நகரம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அங்கு அங்கோர் கோயில்களும் 18 குழிகள் கொண்ட கோல்ஃப் களங்களும் ஒரே நகரத்தைச் சுற்றி அமைந்துள்ளன.

தமிழ்ப் பயணிகளுக்கு இந்தச் சுற்றுலாவில் கூடுதல் ஈடுபாடு உண்டு. இப்பகுதியின் பழைய கோயில்களும் கல்வெட்டுகளும் பல்லவர், சோழர் காலத் தென்னிந்தியாவோடு தொடர்புடையவை. அவற்றை ஆராய்ந்த நிறுவனங்களுள் ஒன்று புதுச்சேரியிலும் இயங்குகிறது. அதே வேளையில், கோல்ஃப் களங்களும் விடுதிகளும் பயன்படுத்தும் நீரும் நிலமும் அந்தப் பழம்பொருள்களின் பாதுகாப்பைப் பாதிக்கக்கூடும் என்பதால், இது விவாதத்துக்கு உரிய சுற்றுலாவாகவும் உள்ளது.

வரலாறு

ஆசியாவில் கோல்ஃப் பிரித்தானியர் வழியாகப் பரவியது. 1829-இல் தொடங்கிய கல்கத்தா கோல்ஃப் கழகம் பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே உள்ள மிகப் பழைய கழகமாகும். தமிழ்நாட்டில் உதகமண்டலம், கொடைக்கானல் போன்ற மலைவாழிடங்களில் களங்கள் உருவாயின. கொடைக்கானல் கோல்ஃப் கழகம் 1895-இல் தொடங்கப்பட்டது. மலாயாவில் சிலாங்கூர் கோல்ஃப் கழகம் 1893-இல் நிறுவப்பட்டது. பிரித்தானியர் ஆட்சிக்கு உட்படாத சயாமில் (இன்றைய தாய்லாந்து) தென்பகுதித் தொடருந்துப் பாதை வந்தபின், ஹுவா ஹின் கடற்கரை ஊரில் 1924-இல் அரச கோல்ஃப் களம் திறக்கப்பட்டது. தொடருந்தில் வந்து விடுதியில் தங்கி, காலையில் விளையாடி, மாலையில் ஊர் சுற்றும் வழக்கம் அங்கேயே வேரூன்றியது.

1980-களுக்குப் பிறகு வெளிநாட்டுப் பயணிகளை நம்பி இப்பகுதியில் ஏராளமான களங்கள் கட்டப்பட்டன. அவற்றால் நிலமும் நீரும் இழந்த உழவர்களின் எதிர்ப்பும் எழுந்தது. 1993-இல் மலேசியாவின் பினாங்கை மையமாகக் கொண்டு உலகக் கோல்ஃப் எதிர்ப்பு இயக்கம் உருவானது. ஏப்ரல் 29-ஆம் நாளை அந்த இயக்கம் கோல்ஃப் இல்லா நாளாக அறிவித்தது.

இரண்டும் இணையும் முறை

18 குழிகள் கொண்ட ஓர் ஆட்டத்துக்கு நான்கு முதல் ஐந்து மணி நேரம் ஆகும். வெப்பமண்டல நாடுகளில் வெயிலைத் தவிர்க்க ஆட்டத்தைக் காலை ஆறு அல்லது ஆறரை மணிக்கே தொடங்குவர். முற்பகல் பதினொரு மணிக்குள் ஆட்டம் முடிந்துவிடும். நண்பகல் ஓய்வுக்குப் பின், பிற்பகல் மூன்று மணி முதல் கோயில்களைப் பார்க்கலாம். ஆகவே ஒரு நாளை இரண்டாகப் பகுப்பது இச்சுற்றுலாவின் அடிப்படை முறை.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. கோயில்களைப் பார்க்க உகந்த நேரமும் அதிகாலையே. எனவே ஒவ்வொரு நாளும் விளையாடுபவருக்குக் கோயில்களின் காலைப்பொழுது கிடைக்காது. இதனால் விளையாடும் நாளையும் கோயில் நாளையும் மாற்றி மாற்றி வைப்பது வழக்கம். குடும்பத்தில் சிலர் மட்டும் விளையாடும்போது, மற்றவர்கள் அருங்காட்சியகம், சந்தை, கைவினைப் பட்டறை ஆகியவற்றுக்குச் சென்று, மாலையில் அனைவரும் ஒன்றாகக் கோயிலுக்குச் செல்வதும் உண்டு.

சியெம் ரீப்

அங்கோர் வாட் கோயிலைக் கெமர் மன்னன் இரண்டாம் சூரியவர்மன் 12-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் திருமாலுக்காகக் கட்டினான். பின்னர் அது பௌத்தத் தலமாயிற்று. அருகிலுள்ள பயோன் கோயில் ஏழாம் ஜயவர்மன் காலத்தது. அங்கோர் தொல்லியல் பூங்கா ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 1992-இல் யுனெசுகோ உலக மரபுப் பட்டியலிலும், அப்போதே ஆபத்திலுள்ள மரபுகளின் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. பாதுகாப்புப் பணிகள் முன்னேறியதால் 2004-இல் ஆபத்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

நகரைச் சுற்றியுள்ள களங்களுள் இரண்டு பரவலாக அறியப்பட்டவை. அங்கோர் கோல்ஃப் ரிசார்ட் களத்தை இங்கிலாந்து ஆட்டக்காரர் நிக் ஃபால்டோ வடிவமைத்தார். போகீத்ரா களத்தில் ஆசியச் சுற்றுப் போட்டியான கம்போடிய ஓபன் நடைபெற்றுள்ளது. போகீத்ரா களத்தின் நடுவே ரொலு என்னும் கெமர் காலக் கல்பாலம் நிற்கிறது. ஆட்டக்காரர்கள் தங்கள் ஆட்டத்தின் இடையிலேயே அதைக் காண்கின்றனர்.

அங்கோர் நுழைவுச்சீட்டின் விதிகள் பயணத் திட்டத்தைத் தீர்மானிக்கின்றன. 2017-இல் மாற்றப்பட்ட கட்டணப்படி வெளிநாட்டவருக்கு ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62 டாலர், ஏழு நாள் சீட்டு 72 டாலர். மூன்று நாள் சீட்டை அடுத்தடுத்த நாள்களில் பயன்படுத்த வேண்டியதில்லை. பத்து நாள்களுக்குள் எந்த மூன்று நாள்களிலும் பயன்படுத்தலாம். இடையில் விளையாட விரும்புவோருக்கு இதுவே பொருத்தமானது. மாலை ஐந்து மணியளவில் வாங்கும் மறுநாள் சீட்டைக் கொண்டு அன்றைய மாலையிலும் உள்ளே செல்லலாம். சீட்டில் பயணியின் ஒளிப்படம் இருப்பதால் அதை மற்றவருக்குத் தர இயலாது.

பெரும்பாலான கோயில்கள் மாலை ஐந்தரை மணிக்கு மூடப்படும். புனோம் பாக்கெங், பிரே ரூப் ஆகிய இரண்டும் ஏழு மணி வரை திறந்திருக்கும். புனோம் பாக்கெங் உச்சியில் ஒரே நேரத்தில் 300 பேருக்கு மட்டுமே இடம் தரப்படுகிறது. அங்கோர் வாட்டின் மேல்தளம் பௌத்தப் புனித நாள்களில் மூடப்படும். அமாவாசை, பௌர்ணமி நாள்கள் இவற்றுள் அடங்கும் என்பதால், நாட்காட்டியைப் பார்த்து அந்த நாள்களை விளையாட்டுக்கு ஒதுக்குவது பயன் தரும். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். கோல்ஃப் அரைக்காற்சட்டையுடன் நேரே கோயிலுக்கு வருவோர் மேல்தளத்துக்கு அனுமதிக்கப்படுவதில்லை.

பிற இடங்கள்

வியட்நாமின் டா நாங் கடற்கரையில் கிரெக் நார்மன், காலின் மாண்ட்கோமரி ஆகியோர் வடிவமைத்த களங்கள் உள்ளன. அருகிலுள்ள ஹோய் ஆன் பழைய துறைமுக நகரமும், சம்பா நாட்டுச் சிவன் கோயில்கள் நிறைந்த மி சோன் பள்ளத்தாக்கும் 1999-இல் உலக மரபுக் களங்களாயின. 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் மி சோனின் முதன்மைக் கோயில் அழிந்தது. இந்தியத் தொல்லியல் துறை அங்கு மேற்கொண்ட சீரமைப்பின்போது 2020-இல் ஒரே கல்லாலான சிவலிங்கம் ஒன்று வெளிப்பட்டது.

தாய்லாந்தின் புக்கெட் தீவு பன்னாட்டுக் கோல்ஃப் போட்டிகள் நடந்த இடம். அதற்கு வடக்கே உள்ள தக்குவாபாவில் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அவனிநாரணம் என்னும் பெயருடைய குளம் தோண்டப்பட்டதையும், அது மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினரின் காவலில் விடப்பட்டதையும் அது கூறுகிறது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயர்.

மலேசியாவின் கெடா மாநிலத்தில் சுங்கை பட்டாணி நகரில் கோல்ஃப் விடுதி உள்ளது. அங்கிருந்து பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் களங்களுக்கு எளிதில் செல்லலாம். சோழர் கல்வெட்டுகளில் வரும் கடாரம் இப்பகுதியே என்று கருதப்படுகிறது. 2013-இல் இப்பள்ளத்தாக்கின் 11-ஆம் எண் கோயிலின் எச்சங்கள் வீட்டுமனை மேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்டன. தனியார் நிலத்தில் இருக்கும் தொல்லியல் களம் எவ்வளவு எளிதாக மறையும் என்பதை அந்நிகழ்வு காட்டியது.

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் மெராபி எரிமலையின் சரிவில் ஒரு களம் உள்ளது. பிரம்பானான், போரோபுதூர் ஆகிய இரு பெருங்கோயில் தொகுதிகளும் அந்நகரிலிருந்து சென்றுவரும் தொலைவில் உள்ளன.

புதுச்சேரித் தொடர்பு

பழைய கம்போடியாவின் தொடக்கக் கல்வெட்டுகள் தென்னிந்தியப் பல்லவ எழுத்திலிருந்து கிளைத்த வடிவில் உள்ளன. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்காலைச் சேர்ந்தவர்கள் அரசுப் பணிக்காகவும் படைப்பணிக்காகவும் இந்தோசீனாவுக்குச் சென்றனர். நாட்டுக்கோட்டை நகரத்தார் சைகோனில் தொழில் நடத்தினர். இன்றும் ஹோ சி மின் நகரில் மாரியம்மன் கோயில் வழிபாட்டில் உள்ளது.

அங்கோர் கோயில்களை நெடுங்காலம் ஆராய்ந்து சீரமைத்தது தூரக்கிழக்குப் பிரெஞ்சு ஆய்வுப்பள்ளி. 1955-இல் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தை நிறுவிய ழான் ஃபிலியோசா, 1956 முதல் 1977 வரை அந்த ஆய்வுப்பள்ளியின் இயக்குநராகவும் இருந்தார். ஆய்வுப்பள்ளியின் கிளை புதுச்சேரியில் இயங்கி வருகிறது. இவ்விரு நிறுவனங்களிலும் உள்ள சைவச் சுவடிகள் 2005-இல் யுனெசுகோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

நீரும் பாதுகாப்பும்

18 குழிக் களம் ஒன்றுக்குப் பொதுவாக 50 ஹெக்டேருக்கு மேல் நிலம் தேவை. அதன் புல்வெளிக்குக் கோடையில் நாள்தோறும் பல நூறு கனமீட்டர் நீர் பாய்ச்ச வேண்டியிருக்கும். சியெம் ரீப்பில் இது வெறும் சுற்றுச்சூழல் கேள்வி அன்று. கோயில்களின் அடித்தளம் பற்றிய கேள்வியுமாகும். அங்கோர் கோயில்களின் கற்சுவர்களுக்கு அடியில் இறுக்கப்பட்ட மணல் நிரப்பப்பட்டுள்ளது. ஈரமாக இருக்கும்வரை மணல் பாரத்தைத் தாங்கும். நிலத்தடி நீர்மட்டம் தொடர்ந்து ஏறி இறங்கினால் மணல் நகர்ந்து, மேலே உள்ள கற்கள் சரியக்கூடும்.

கெமர் மன்னர்கள் குலென் மலையிலிருந்து வந்த நீரைக் கால்வாய்கள் வழியாகப் பாராய் எனப்படும் பெரிய ஏரிகளில் தேக்கினர். மேற்குப் பாராய் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமும் 2 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. கோயில்களைச் சுற்றிய அகழிகளும் நிலத்தடி நீரை நிலையாக வைத்திருந்தன. 2018-இல் ஏறத்தாழ 26 இலட்சம் வெளிநாட்டவர் அங்கோருக்குச் சீட்டு வாங்கினர். அவர்களுக்கான விடுதிகள் ஆழ்துளைக் கிணறுகளை நம்பியதால் நீர்மட்டம் பற்றிய அச்சம் வளர்ந்தது. அங்கோரை நிர்வகிக்கும் அப்சரா ஆணையம் பழைய கால்வாய்களைச் சீரமைத்து, வறண்டிருந்த வடக்குப் பாராயில் மீண்டும் நீர் நிரப்பியது. நகருக்குக் குழாய்நீர் வழங்கலும் விரிவாக்கப்பட்டது.

ஆகவே நீர் எங்கிருந்து வருகிறது என்பதே ஒரு களத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி. மழைநீரைத் தேக்கும் குளங்கள், சுத்திகரித்த கழிவுநீர், உவர்நீரையும் தாங்கும் பாஸ்பலம் புல் ஆகியவற்றைப் பயன்படுத்தும் களங்கள் ஆழ்துளைக் கிணற்றை மட்டும் நம்பும் களங்களைவிடக் குறைந்த தீங்கு விளைவிப்பவை. முன்பதிவின்போது இதைக் கேட்டு அறியலாம்.

களங்கள் உள்ளூரில் வேலைவாய்ப்பும் தருகின்றன. தாய்லாந்து, வியட்நாம், கம்போடியா ஆகிய நாடுகளில் மட்டைப் பையைச் சுமந்து ஆட்டத்துக்கு உதவும் கேடிகளில் பெரும்பாலோர் பெண்கள். பல களங்களில் கேடியை அமர்த்துவது கட்டாயம். அவர்களின் வருவாயில் அன்பளிப்புத் தொகை பெரும்பங்கு என்பதால், அதை அவர்கள் கையிலேயே கொடுப்பது வழக்கம்.

காலாப்பட்டிலிருந்து பயணம்

புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள காலாப்பட்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளது. அங்கிருந்து வடக்கே சென்னை வானூர்தி நிலையத்தை அடைந்து, பாங்காக், கோலாலம்பூர், சிங்கப்பூர் வழியாகச் சியெம் ரீப் செல்லலாம். சியெம் ரீப்பின் புதிய வானூர்தி நிலையம் 2023 அக்டோபரில் திறக்கப்பட்டது. அது பழைய நிலையத்தைப் போலன்றி நகரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் தொலைவில் இருப்பதால், வந்து சேரும் நாளில் ஆட்டம் வைக்காமலிருப்பது நல்லது. புதுச்சேரியில் இந்தியக் கடவுச்சீட்டு உடையவரும் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு உடையவரும் ஒரே குடும்பத்தில் இருப்பதுண்டு. இவர்களுக்கான நுழைவிசைவு விதிகள் வேறுபடலாம் என்பதால் தனித்தனியே சரிபார்க்க வேண்டும்.

கோல்ஃப் பைக்கு வானூர்தி நிறுவனங்கள் தனி எடை விதிகளை வைத்துள்ளன. ஆட்ட விதிகளின்படி ஒருவர் 14 மட்டைகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இரண்டு ஆட்டங்கள் மட்டும் ஆடுவோர் களத்திலேயே மட்டைகளை வாடகைக்கு எடுத்தால் செலவு குறையும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வறண்ட, மிதமான பருவம். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். பெரும்பாலும் பிற்பகலில் மழை பெய்வதால் காலை ஆட்டம் தடைபடுவது குறைவு. ஏப்ரல் நடுவில் கெமர் புத்தாண்டு வருகிறது. அது தமிழரின் சித்திரைப் புத்தாண்டோடு ஒட்டி வருவதால், அப்போது விடுதிகளும் சாலைகளும் நெரிசலாக இருக்கும். வெயிலும் மிகக் கடுமையாக இருக்கும்.

ஐந்து நாள் பயணம் பொதுவாக இவ்வாறு அமையும்: முதல் நாள் வருகையும் ஓய்வும், இரண்டாம் நாள் காலை ஆட்டம், மாலை ஐந்து மணிக்கு மூன்று நாள் சீட்டு வாங்கிப் பிரே ரூப்பில் கதிரவன் மறைவு, மூன்றாம் நாள் அதிகாலை அங்கோர் வாட், பிறகு பயோன், நான்காம் நாள் காலை ஆட்டம், பிற்பகல் இந்தியத் தொல்லியல் துறை சீரமைப்பில் பங்கேற்ற தா புரோம், ஐந்தாம் நாள் 10-ஆம் நூற்றாண்டுச் சிவன் கோயிலான பண்டே ஸ்ரெய்.

வெளிநாடு செல்லாமலும் இதே முறையைப் பின்பற்றலாம். சென்னை நந்தனத்தில் காஸ்மோபாலிட்டன் கழகத்தின் களம் உள்ளது. இது உறுப்பினர் கழகம் என்பதால் முன்அனுமதி தேவை. அங்கிருந்து காலாப்பட்டு திரும்பும் கடற்கரைச் சாலையிலேயே 1984-இல் உலக மரபுக் களமான மாமல்லபுரம் உள்ளது. கம்போடியக் கல்வெட்டுகளின் எழுத்துக்கு மூலமான பல்லவ எழுத்தை அங்குள்ள கோயில்களின் கல்வெட்டுகளிலேயே காணலாம்.