ஓடிய ஊரை ஒரு நாளாவது பாருங்கள்

பனியன் கம்பெனிகளுக்குச் சேர்ந்தாற்போல் நாலு நாள் லீவு என்றால் அது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். மற்ற வாரமெல்லாம் சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு ஓய்வு. ஆர்டர் அவசரம் என்றால் அந்த ஞாயிறும் போய்விடும். பனியன் தொழில் நடக்கும் எங்கள் வீரபாண்டியிலிருந்து வெளியூர் மாரத்தானுக்குக் கிளம்புகிறவர் சனிக்கிழமை போய் எண் அட்டை வாங்கி, ஞாயிறு விடியலில் ஓடி, அன்றிரவே பஸ் ஏறினால்தான் திங்கள் ஷிப்டுக்கு நிற்க முடியும். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்துப் போன ஊரை ஓடுபாதையாக மட்டும் பார்த்துவிட்டு வருவது எனக்கு மனசு ஒப்பாத விஷயம்.

தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் மாரத்தானையே எடுத்துக்கொள்வோம். முதல் உலகப்போரில் இறந்த வீரர்களின் நினைவாக விக் கிளாப்பம் 1921இல் தொடங்கியது. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறக்குறைய 90 கிலோமீட்டர். வழக்கமாக ஒரு வருடம் மலையேற்றமாகவும் மறு வருடம் இறக்கமாகவும் ஓட வேண்டும். 12 மணி நேரம் முடிந்ததும் அதிகாரி ஒருவர் வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியால் சுடுவார். ஓரடி தள்ளி நின்றவருக்கும் பதக்கம் கிடையாது. சமீப ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கானோர் இதற்குப் போகிறார்கள்.

போகிற தமிழர்களுக்கு அது அந்நிய மண்ணல்ல. கரும்புத் தோட்டக் கூலிகளாக மதராஸிலிருந்து கப்பலேறியவர்கள் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் இறங்கினார்கள். அவர்கள் வழி வந்தவர்கள் கட்டிய முருகன் கோயிலும் மாரியம்மன் கோயிலும் இரு நகரங்களிலும் இருக்கின்றன. 1893 ஜூன் 7 இரவு காந்தியை ரயிலிலிருந்து தள்ளிவிட்டது பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில்தான். அவ்வளவு செலவழித்துப் போய், அந்த நடைமேடையில் ஐந்து நிமிடம் நிற்காமல் திரும்பலாமா?

சுற்றிப் பார்ப்பதை ஓடி முடித்த பிறகு வைத்துக்கொள்வதே நல்லது. முந்தின நாள் வெயிலில் கோட்டை கொத்தளமெல்லாம் ஏறி இறங்கினால் மறுநாள் கால் கைகொடுக்காது. ஓட்டத்தின் தசைவலி அடுத்த ஓரிரு நாளில்தான் கடுமையாகும். படி இறங்குவதே பெரும்பாடு. கடற்கரை, படகு, சமதளத்தில் இருக்கும் கோயில் போதும்.

லடாக் மட்டும் இதற்கு விலக்கு. 2012இல் தொடங்கிய லடாக் மாரத்தான் நடக்கும் லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நடக்கும் 72 கிலோமீட்டர் கர்துங் லா ஓட்டமோ 5,300 மீட்டருக்கும் மேலான கணவாயைக் கடக்கிறது. உடம்பு அந்த மெல்லிய காற்றுக்குப் பழக வேண்டும் என்பதால் பல நாள் முன்னதாகவே போய்விட வேண்டும். முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. அதன்பின் மடாலயங்களை நிதானமாகப் பார்க்கலாம். பயணத்தைச் சுருக்க நினைத்தால் அங்கே உயிருக்கே ஆபத்து.

இவ்வளவு தூரமும் செலவும் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. முதல்முறை போகிறவர்களுக்கு ஆரோவில் மாரத்தானைச் சொல்வேன். 2008இலிருந்து பிப்ரவரி மாதத்தில் நடந்துவருகிறது. பரிசுப் போட்டி இல்லை; ஓடும் சந்தோஷத்துக்காக மட்டுமே ஓடுவது. செம்மண் பாதை, மர நிழல். 10 கிலோமீட்டர் ஓட்டமும் உண்டு என்பதால் வீட்டில் இருப்பவர்களும் சேர்ந்துகொள்ளலாம். ஓடி முடித்தால் பக்கத்திலேயே புதுச்சேரிக் கடற்கரை. சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே சொல்லி, திங்கட்கிழமைக்கும் சேர்த்து லீவு கேளுங்கள். குழந்தைகளையும் கூட்டிப் போங்கள்.