எள்ளப்பட்டவரும் சிரிக்கும் இடம்

துயரக் கதை ஒன்றைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் ஏறக்குறைய ஒரே இடத்தில் கண் கலங்குவர். சிரிக்க வைக்க எழுதப்பட்ட நூலையோ அவர்களே படிக்கும்போது சிலர் வாய்விட்டுச் சிரிப்பர், சிலர் இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டுவர், வேறு சிலர் தங்களைத்தான் குத்தியிருக்கிறார்கள் என்று கொதித்துப்போவர். இந்தப் பிளவை ரசனைக் குறைவு என்று சொல்லித் தள்ளிவிடும் வழக்கம் தமிழ் விமரிசனத்தில் நெடுநாளாக உண்டு. ஆனால் நல்ல ரசனை உள்ளவர்களே ஒரு நூலைப் பற்றி இரு வேறு முடிவுகளுக்கு வருவதை அந்த விளக்கம் தொடுவதே இல்லை. யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார், படிப்பவர் அந்த இருவருள் எவர் பக்கம் நிற்கிறார் என்பதைக் கேட்டால்தான் இந்தப் பிளவு விளங்கத் தொடங்கும்.

இந்தக் கேள்விக்கான முதற்குறிப்பு தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று வழங்கும் அந்நூல், மெய்ப்பாடு எட்டினுள் நகையை முதலில் வைத்து, அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கினின்றும் பிறக்கும் என்கிறது. எள்ளல் என்பது இகழ்ந்து நகுதல், பேதைமை அறியாமை, மடன் என்பது பிறர் சொன்னதை ஆராயாமல் பற்றிக்கொண்டு விடாதிருத்தல். இதற்கு உரை எழுதிய பேராசிரியர், எள்ளல் இருவகைப்படும் என்று விளக்குகிறார்: தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறரால் தான் எள்ளப்பட்டபோது தானே நகுவது மற்றொன்று. எள்ளப்பட்டவரும் சிரிக்கக்கூடும் என்பதை ஓர் இலக்கண உரையாசிரியர் தனி வகையாகவே எண்ணி வைத்தது வியக்கத்தக்கது. அங்கத நூல்களைப் பற்றிய இன்றைய சச்சரவுகள் பலவும் அந்த இரண்டாம் சிரிப்பு பிறக்காமல் போன இடங்களில் எழுந்தவையே.

அங்கதம் என்பது குறையை இடித்துக் காட்டும் எள்ளல் எழுத்து. தொல்காப்பியத்தின் செய்யுளியல் அதனைச் செம்பொருள், பழிகரப்பு என இரண்டாகப் பிரிக்கிறது. நேருக்கு நேராகத் திட்டுவது செம்பொருள். புகழ்வதுபோலவோ வேறொன்றைச் சொல்வதுபோலவோ பழியை மறைத்து வைப்பது பழிகரப்பு. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனுடைய படைக்கருவிகள் மாலையணிந்து பளபளவென்று கொட்டிலில் இருப்பதைப் புகழ்ந்து, தம் தலைவனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதை வருந்துவதுபோலக் கூறும் புறநானூற்றுப் பாட்டு பழிகரப்புக்கு நல்ல சான்று. செம்பொருளைப் புரிந்துகொள்ளாத வாசகர் இல்லை. பழிகரப்பில்தான் மேலே சொன்னதைப் படித்துவிட்டு உள்ளே வைத்ததைத் தவறவிடும் வாசகரும், இல்லாததை உள்ளே காணும் வாசகரும் தோன்றுகின்றனர்.

தமிழ் உரைநடையில் இதற்கு முதல் பெரிய எடுத்துக்காட்டு, இத்தாலியிலிருந்து வந்த சேசு சபைத் துறவி வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுதிய ‘பரமார்த்த குருவின் கதை’. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடரோடு அலையும் குரு, ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை நீரில் வைத்துச் சோதிக்கச் செய்கிறார். கரை ஏறியபின் எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஒருவர் ஆற்றோடு போய்விட்டதாக அனைவரும் அழுகின்றனர். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி விலை கொடுக்கின்றனர். இந்நூலை பெஞ்சமின் பாபிங்டன் 1822இல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சிட்டார். மதப் பரப்பாளர் ஒருவர் இந்நாட்டு மடங்களையும் குரு–சீட மரபையும் இழிவுபடுத்தவே இதை எழுதினார் என்று கொள்வோர் அன்று முதல் இன்று வரை உள்ளனர். ஐரோப்பியர் தமிழ்ப் பேச்சுநடையைக் கற்பதற்காக எழுதப்பட்ட எளிய பயிற்சி நூல் என்று கொள்வோரும் உள்ளனர். தங்களை எண்ணத் தெரியாத மூடர்களின் கதை இங்கிலாந்தின் கோதம் ஊர்க் கதைகளிலும் இருப்பதால், உலகப் பொதுவான மூடர் கதை மரபிலிருந்து ஆசிரியர் எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பதும் ஏற்கத்தக்கதே.

ஆனால் இந்தச் சர்ச்சைகளுக்கு வெளியே தமிழ் மக்கள் இந்நூலை நடத்திய விதம்தான் கருதத்தக்கது. எழுதியவர் எவரை நினைத்து எழுதினாரோ, மக்கள் அதைத் தாத்தா பாட்டி சொல்லும் கதையாக ஆக்கிக்கொண்டனர். மடத்து வாசலில் நிற்பவரும் குழந்தைக்கு இதைச் சொல்லிச் சிரிப்பர். தங்கள் குரு அப்படிப்பட்டவர் அல்லர் என்ற உறுதி ஒருபுறம் இருக்க, அந்தச் சீடர்களின் பேதைமை எல்லாருக்கும் உள்ளதுதானே என்ற ஒப்புதலும் அந்தச் சிரிப்பில் கலந்திருந்தது. பேராசிரியர் சொன்ன இரண்டாம் வகை நகை இங்கே தாராளமாகக் கிடைத்தது.

எள்ளப்பட்டவர் கையில் தண்டிக்கும் அதிகாரம் இருந்தால் நிலைமை வேறாகிவிடும். 29.3.1987 நாளிட்ட ஆனந்த விகடன் இதழின் அட்டையில், மேடையில் இருப்போருள் சட்டமன்ற உறுப்பினர் யார், அமைச்சர் யார் என்று இருவர் பேசிக்கொள்வதாகவும், ஒருவரைப் பிக்பாக்கெட்காரராகவும் மற்றவரை முகமூடிக் கொள்ளைக்காரராகவும் அடையாளம் காட்டுவதாகவும் ஒரு நகைச்சுவைத் துணுக்கு வெளிவந்தது. அவை உரிமையை மீறியதாகக் கூறித் தமிழ்நாடு சட்டமன்றம் ஏப்ரல் 4ஆம் நாள் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு வலுத்ததால் இரண்டே நாளில் அவர் விடுவிக்கப்பட்டார். சென்னை உயர்நீதிமன்றம் 1994இல் அந்தத் தண்டனை செல்லாது என்று தீர்ப்பளித்து, அடையாள இழப்பீடாக ஆயிரம் ரூபாய் வழங்கச் சொன்னது. ஒரே துணுக்கு டீக்கடையில் சிரிப்பாகவும் பேரவையில் குற்றமாகவும் படிக்கப்பட்டதற்கு நகைச்சுவை உணர்வு காரணமில்லை. படித்தவர்கள் எந்த நாற்காலியில் இருந்து படித்தார்கள் என்பதே காரணம். ஆள்வோரைக் கிண்டல் செய்யும் உரிமையில் எந்தக் குறைப்பும் கூடாது என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை.

சிக்கல் உண்மையில் தொடங்குவது, எள்ளலின் இலக்கு ஒருவராகவும் பக்கத்தில் காட்டப்படுபவர் வேறொருவராகவும் இருக்கும் எழுத்தில். புதுமைப்பித்தன் 1934இல் மணிக்கொடியில் எழுதிய ‘பொன்னகரம்’ அத்தகைய கதை. அம்மாளு மில் கூலி. கணவன் முருகேசன் குதிரைவண்டிக்காரன். தானும் குடித்துக் குதிரைக்கும் ஊற்றி ஓட்டிய வண்டி கவிழ்ந்து, அவன் அடிபட்டுப் படுக்கையில் கிடக்கிறான். பால் கஞ்சி வேண்டும் என்கிறான், வீட்டில் காசில்லை. தண்ணீர் எடுக்கப் போன அம்மாளு, வெகுநாளாகத் தன்மேல் கண் வைத்திருந்த ஒருவனுடன் இருளில் மறைந்து, முக்கால் ரூபாயோடு திரும்புகிறாள். அந்தக் காசு கணவனின் கஞ்சிக்கு. கதை அந்த மில்லுக்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் அந்நாளைய சென்னையில் மில் கூலி என்றதும் பெரம்பூரும் சூளையும்தான் வாசகர் மனத்தில் எழுந்திருக்கும். பொன்னகரம் என்ற தலைப்பும், கற்பைப் பற்றி மேடையில் முழங்குவோரை நோக்கித் திரும்பும் கதையின் முடிவும் பழிகரப்பின் கூர்மையான வடிவங்கள். பசியைப் பாராமல் ஒழுக்கம் பேசும் நடுத்தர வகுப்பே இங்கு இலக்கு என்பதில் மயக்கம் எதுவும் இல்லை. ஏழைக் குழந்தைகளை விற்று உணவாக்கலாம் என்று 1729இல் மிகப் பொறுப்பான தொனியில் யோசனை கூறிய ஜோனதன் ஸ்விஃப்ட், அயர்லாந்தின் வறுமையைக் காணாமலிருந்தோரைக் குத்தியதும் இவ்வழியில்தான்.

இருப்பினும் 80 ஆண்டுகள் கழித்து, 2014 பிப்ரவரியில், ‘பொன்னகரம்’, புதுமைப்பித்தனின் மற்றொரு கதையான ‘துன்பக்கேணி’ ஆகிய இரண்டையும் சென்னைப் பல்கலைக்கழகம் தன் பாடத்திட்டத்திலிருந்து நீக்க முடிவு செய்தது. சேரியில் வாழ்வோரையும் தாழ்த்தப்பட்டோரையும் குறிக்கும் சொற்கள் அவற்றில் வருகின்றன என்பது சொல்லப்பட்ட காரணம். வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி உள்ளிட்ட பலர் கதையின் உட்பொருளை உணராத முடிவு என்று இதைக் கண்டித்தனர்.

கண்டனம் நியாயமானது. ஆயினும் மனம் புண்பட்ட வாசகரைப் புரியாதவர் என்று ஒதுக்குவதும் நேர்மையான வாசிப்பு ஆகாது. கதையின் கடைசி வரிகள் யாரைப் பார்த்துப் பேசுகின்றன என்று கவனிக்க வேண்டும். அவை கற்பு பேசுவோரை அழைத்து, அம்மாளுவைச் சுட்டிக்காட்டிப் பேசுகின்றன. அம்மாளுவின் தெருவில் பிறந்த ஒருவர் பின்னாளில் இக்கதையைப் படிப்பார் என்ற எண்ணம் 1934இன் எழுத்தாளருக்கு வந்திருக்க வாய்ப்புக் குறைவு. மில்லும் தண்டவாளமும் சார்ந்த பேட்டைகளின் பிள்ளைகள் கல்லூரிக்கு வந்து அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது, தாங்கள் பேச்சைக் கேட்பவராக இல்லாமல் பேச்சுக்குக் காட்டப்படும் சான்றாக இருப்பதைக் காண்கின்றனர். எழுத்தாளர் தம் பக்கம்தான் நிற்கிறார் என்று அறிவு சொன்னாலும் உடல் கூசுகிறது. இந்தக் கூச்சத்தை வெளிப்படையாகப் பேச வகுப்பறையைவிடத் தகுந்த இடம் இல்லை. கதையை எடுத்துவிட்டதால் அந்தப் பேச்சும் சேர்ந்து போய்விட்டது என்பதே அம்முடிவின் பெரிய இழப்பு.

புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கும் முனையில் கந்தசாமிப் பிள்ளை கடவுளைச் சந்திக்கிறார். காப்பி குடிக்கக் கூட்டிப்போகிறார். தம் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாதாராகவும் ஆக்கப் பார்க்கிறார். பிழைப்புக்காக ஆடிக்காட்ட வந்த அந்தக் கடவுளின், கூத்தனின் ஆட்டமே சாத்திரம் அறிந்த பெரிய மனிதர் ஒருவருக்குப் பிடிக்காமல் போகிறது. கடவுளையே சிரிப்புக்கு உள்ளாக்கிய இக்கதையைக் கோயிலுக்குப் போகிறவர்களும் ரசித்துப் படிக்கின்றனர். காரணம், அதில் கடவுள் பேசுகிறார், பதில் சொல்கிறார், தாமும் சேர்ந்து சிரிக்கிறார். அம்மாளுவுக்கு அந்த வாய்ப்பைக் கதை தரவில்லை.

அங்கதம் அல்லாத வெறும் வேடிக்கை எழுத்துக்கு இத்தனை எதிர்ப்பு எழுவதில்லை. தேவனின் ‘துப்பறியும் சாம்பு’வையும், பாக்கியம் ராமசாமி 1963 முதல் குமுதத்தில் படைத்த அப்புசாமி–சீதாப்பாட்டி தம்பதியையும் மூன்று தலைமுறை குடும்பத்தோடு படித்தது. எனினும் மனைவி கையில் பூரிக்கட்டை, மாமியார் வந்தால் மாப்பிள்ளைக்கு மயக்கம் என்ற பழைய துணுக்குகள் இன்றைய பெண் வாசகர்களிடம் அந்தச் சிரிப்பைப் பெறுவதில்லை, பெறாததும் நல்லதே.

வட சென்னை வாசகருக்கு இந்தக் கேள்வி இன்னும் அருகில் இருக்கிறது. எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ, 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்து மணலி மண்டலத்துக்குள் வந்த மாத்தூரிலோ வாழும் ஒருவர், தம் தெருவின் பேச்சு திரையிலும் பத்திரிகைத் துணுக்கிலும் பெரும்பாலும் சிரிப்பு மூட்டவே பயன்படுவதைச் சிறுவயது முதல் பார்த்து வளர்கிறார். ‘இன்னா நைனா’, ‘வூட்டாண்ட’, ‘கஸ்மாலம்’ என்று பாத்திரம் வாய் திறந்ததுமே அரங்கு சிரிக்கும். அது சொன்ன செய்தி என்ன என்பதை யாரும் கேட்பதில்லை. பகடி என்பது ஒருவரது பேச்சையோ எழுத்தையோ அப்படியே போலச் செய்து சிரிப்பூட்டும் முறை. பகடிக்கு ஆளானது ஓர் அரசியல்வாதியின் மேடைப் பேச்சு என்றால் அவருடைய ஒரு குணம் வெளிப்படும். ஒரு வட்டாரத்தின் தாய்ப்பேச்சு என்றால் பேசுகிறவர் முழுதுமே கேலிப்பொருளாகிவிடுவார். துறைமுகத்திலும் ஆலையிலும் உழைத்துவிட்டு வந்து அப்படியொரு நூலைப் பிரிப்பவர் அதை மூடி வைத்தால், நகைச்சுவை உணர்வு போதாதவர் என்று அவரைச் சொல்லுவது அநியாயம்.

ஜெயகாந்தன் அந்தப் பேச்சைச் சிரிப்புக்காக மட்டும் எடுக்காமல், சிந்திப்பவரின் பேச்சாகவும் எழுதிக் காட்டினார். அவருடைய ‘சினிமாவுக்குப் போன சித்தாளு’ திரை நாயக வழிபாட்டைக் கடுமையாகச் சாடியபோது ரசிகர்களிடம் சினத்தைக் கிளப்பியது வேறு கதை. அந்தச் சினமும் ஒரு வாசிப்புத்தான். அண்மைக் காலத்தில் இந்நகரின் உழைக்கும் தெருக்களிலிருந்தே எழுத்தாளர்கள் வந்துவிட்டனர். சிந்தாதிரிப்பேட்டையைக் களமாக்கித் தமிழ்ப்பிரபா எழுதி 2018இல் வெளிவந்த ‘பேட்டை’ நாவலிலும், பாக்கியம் சங்கரின் வட சென்னை எழுத்துகளிலும் கேலிக்குப் பஞ்சமில்லை. பேட்டைக்காரர் பேட்டைக்காரரையே வாருகிறார், பட்டப்பெயர் வைக்கிறார், அடுத்த நொடியே வாரியவர் வாரப்படுகிறார். அங்கே சிரிப்பவரும் சிரிக்கப்படுபவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருப்பதால் வெளியிலிருந்து பார்த்துச் சிரிக்கும் வாசகர்தான் சற்றுத் தயங்க வேண்டியிருக்கிறது.

பாடத்திட்டத்தை விட்டுப் போனாலும் ‘பொன்னகரம்’ வாசகரை விட்டுப் போகவில்லை. புதுமைப்பித்தன் எழுத்துகள் 2002இல் நாட்டுடைமை ஆக்கப்பட்டதால் எந்தப் பதிப்பகமும் அதை அச்சிடலாம். வேங்கடாசலபதி பதிப்பித்த முழுத் தொகுப்பும் கிடைக்கிறது. ‘பேட்டை’யைப் படித்த இளைஞர் ஒருவர் அதே வாரத்தில் ‘பொன்னகர’த்தையும் படிக்க முடியும், அம்மாளு பேசியிருந்தால் அந்த முக்கால் ரூபாயைப் பற்றி என்ன சொல்லியிருப்பாள் என்று அவர் எழுதவும் முடியும்.